பட்டியல் போட்டுக் குடுங்க

ஜனவரி நெருங்கினால் போதும், பட்டியல்கள் கொட்ட ஆரம்பித்துவிடும். கட்டாயம் வாங்க வேண்டிய 50, தவறவிடக் கூடாத 25, சாவதற்குள் படித்தே ஆக வேண்டிய 100. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று எவ்வளவு பெரிதாகியிருக்கிறதோ அவ்வளவு பெரிதாகியிருக்கிறது இந்தப் பட்டியல் தொழிலும். நான் இவற்றை விடாமல் படிக்கிறவன். ஒரு இலக்கிய வகையாகவே படிக்கிறேன். அந்த வகையின் மீது எனக்குச் சில புகார்கள் உண்டு.

தமிழில் பட்டியல் போடும் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பு வைத்தே புத்தகம் எழுதியவர். அவர் அதைச் செய்த காலத்தை மறந்துவிடக் கூடாது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் இலக்கியம் என்று லட்சக்கணக்கானவர்கள் நம்பியிருந்த காலம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்து வீடுகளில் சண்டை மூட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதர் யாரும் கேள்விப்படாத பத்துப் பெயர்களைச் சொல்லி, இதையெல்லாம் படிச்சிருக்கீங்களா என்று கேட்டார். அது ஒரு எதிர்ப்பு. சந்தைக்கு எதிரே நின்று நீட்டிய துண்டுச்சீட்டு. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லி வம்பை வாங்கிக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை.

இன்றைக்குப் பட்டியல்தான் சந்தை. அரங்கு எண்ணோடு வருகிறது, தள்ளுபடி விவரத்தோடு வருகிறது. வராதது ஒன்றுதான்: ஏன்? முப்பது தலைப்புக்கு முப்பது முறை 'முக்கியமான' என்ற ஒரே சொல். முக்கியமான நாவல், முக்கியமான தொகுப்பு, மிக முக்கியமான மொழிபெயர்ப்பு. யாருக்கு, எதற்கு முக்கியம்? அது ஒரு வார்த்தையே இல்லை, மாடு ஓட்டும்போது கொடுக்கும் சத்தம்.

இதைவிடப் பெரிய புகார் வகை பற்றியது. இந்தப் பட்டியல்களில் நாவல் இருக்கும், சிறுகதை இருக்கும், நாலு கவிதைத் தொகுப்பு இருக்கும். துப்பறியும் கதை, பேய்க்கதை, அறிவியல் புனைவு, காமிக்ஸ், பயணநூல், பறவைகளைப் பற்றிய புத்தகம், தன்வரலாறு எல்லாம் கடைசியில் 'பிற' என்ற தலைப்பின் கீழ் ஒண்டிக்கொண்டிருக்கும், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி. அல்லது இருக்கவே இருக்காது.

இந்தக் கோட்டைப் போட்டது யார் என்று தேடிப் பார்த்தால் முன்னோடிகள் யாரும் கைக்குச் சிக்குவதில்லை. புதுமைப்பித்தன் பேய்க்கதை எழுதினார். 'காஞ்சனை'யும் 'செவ்வாய் தோஷ'மும் பயமுறுத்தாமல் விடுவதில்லை. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 'கபாடபுர'த்தை இன்று யாராவது எழுதினால் ஃபேன்டஸி அலமாரியில் வைத்துவிடுவோம். இந்தப் பக்கம் அம்பையைப் பாருங்கள். 2014-இல் வந்த 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' முழுக்கத் துப்பறியும் கதைகள். சுதா குப்தா என்று மும்பையில் ஒரு பெண் துப்பறிவாளர். வீடு, சமையல், உறவுகள் என்று சுற்றியிருக்கிற வாழ்க்கைக்குள்ளேயே நின்று வேலை பார்க்கிறவர். அம்பையின் மற்ற கதைகளைப் பற்றிப் பத்துக் கட்டுரை படித்தவர்கள்கூட இந்தப் புத்தகத்தை 'ஒரு சோதனை முயற்சி' என்று சொல்லிக் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது அவருடைய நல்ல புத்தகங்களில் ஒன்று. பெண்களின் வாழ்க்கையில் மறைக்கப்படுவது எது என்று ஆயுள் முழுக்க எழுதிய ஒருவருக்குத் துப்பறியும் கதையைவிடப் பொருத்தமான வடிவம் வேறு என்ன இருக்க முடியும்?

பட்டியல் ஒரு புத்தகத்தை என்னவாக ஆக்குகிறது என்பதற்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1972-இல் வெளிவந்தபோது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. சிங்காரம் இலக்கிய வட்டங்களில் புழங்கியவர் இல்லை. இளம் வயதில் இந்தோனேசியாவில் வேலை பார்த்துவிட்டு வந்து, மதுரையில் 'தினத்தந்தி'யில் இருந்தவர். பல வருஷம் கழித்துத்தான் நாவல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது அது எல்லாப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் இன்றைக்கு இருபது வயதுக்காரர் ஒருவர் அதை எடுக்கும்போது எப்படி எடுக்கிறார்? பரீட்சைக்குப் போகிற முகத்தோடு எடுக்கிறார். 'தமிழின் மகத்தான நவீனத்துவ நாவல்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு போர்க்கதை, கடல் சாகசக் கதை, உளவும் துப்பாக்கியும் மதுக்கடை அரட்டையும் நிறைந்த கதை என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பானியர் வந்து இறங்கிய மெடானும் பினாங்கும், புயலில் மாட்டிய தொங்கானில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஆட்களும், ஐ.என்.ஏ. முகாமும் அந்த நாவலில் இருக்கின்றன. அதோடு சேர்த்துத்தான் பாண்டியன் மனசுக்குள் ஓடும் தமிழ்ப் பெருமை மீதான அந்தப் பொல்லாத கேலியும் வருகிறது. சாகசத்துக்காக உள்ளே போகிறவருக்குக் கேலி தானாகவே கிடைக்கும். மகத்துவத்தைத் தேடிப் போகிறவர் நாற்பதாம் பக்கத்தில் தூங்கிவிடுவார்.

அதே 1972-இல்தான் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தது, இரும்புக்கை மாயாவியோடு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற ஆள். மாயாவிக்கு உடனே வாசகர்கள் கிடைத்தார்கள், பாண்டியனுக்குக் கிடைக்கவில்லை. இருவரையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு பையன் அன்றைக்கு எங்காவது இருந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

துப்பறியும் கதைக்கு வருகிறேன். இங்கேதான் நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு இந்த வகையில் நூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று ஆரம்பித்து, தேநீர் குடித்தபடியே கொலையைக் கண்டுபிடிக்கும் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் – வசந்த், அப்புறம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிய மாத நாவல்கள்: ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. எவ்வளவு எழுத்து! ஆனால் இவற்றில் எது நல்லது, எது சுமார், எது வெறும் பக்கம் நிரப்பல் என்று பிரித்துச் சொன்ன விமர்சனம் எத்தனை பக்கம் தேறும்? ஆங்கிலத்தில் 2008-இல் பிளாஃப்ட் பதிப்பகம் ப்ரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்ப்பில் ஒரு தமிழ்ப் பல்ப் கதைத் தொகுப்புக் கொண்டுவந்ததும், அட்டைப்படத்தைப் பார்த்து நாமே ஆச்சரியப்பட்டோம். நம் வீட்டுப் பரணில் கிடந்ததுதான் அது.

'எல்லாமே குப்பை' என்பதும் 'எல்லாமே ஜாலி' என்பதும் ஒன்றுதான். இரண்டுமே படிக்காமல் சொல்லக்கூடியவை. ஒரு வகையை யாரும் அக்கறையோடு திட்டவில்லையென்றால் அந்த வகை வளராது. குடும்ப நாவலுக்கும் இதே கதிதான். லக்ஷ்மிக்கு 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதமி விருதே கிடைத்தது. அவரை இன்று எந்தப் பட்டியலிலும் காணோம். ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்த பெண்களிடம் போய், அதில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று நாம் உட்கார்ந்து கேட்டதே இல்லை. அறிவியல் புனைவில் கொஞ்சம் பரவாயில்லை. சுஜாதாவுக்கு அப்புறம் பெரிய இடைவெளி இருந்தாலும், ஜெயமோகனின் 'விசும்பு' மாதிரி ஒரு தொகுப்பு வந்தது, 'அரூ' மின்னிதழ் அறிவியல் சிறுகதைக்கென்றே போட்டி நடத்தியது. அந்தக் கதைகளைப் பற்றி நடந்த விவாதம்தான் அடுத்து எழுதுகிறவருக்கு உரம்.

சரி, அப்போ எப்படித்தான் எடுக்கிறது?

என் அக்கா மகள் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன வருஷம் ஆயிரம் ரூபாயோடு புத்தகக் காட்சிக்கு வந்தாள். "மாமா, ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க, அதை வாங்கிட்டுப் போயிடறேன்" என்றாள். முந்தைய வருஷம் யாரோ கொடுத்த லிஸ்டில் வாங்கிய மூன்று நாவலும் அப்படியே கிடக்கின்றனவாம். "நல்லாதான் இருக்கு மாமா, ஆனா ஹோம்வொர்க் மாதிரி இருக்கு." ஆயிரம் ரூபாய் என்பது அவளுக்குச் சின்னத் தொகை இல்லை, விடுதியில் இரண்டு மாதம் சேர்த்து வைத்தது. அதில் வாங்கிய மூன்றும் கைகூடவில்லையென்றால் குற்றம் புத்தகத்தில் இல்லை, எனக்குத்தான் வாசிக்கத் தெரியலை என்று அவள் முடிவு பண்ணிவிடுவாள். பட்டியல் போடுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நான் லிஸ்ட் கொடுக்கவில்லை. பின்னட்டையைப் படிக்காதே என்று மட்டும் சொன்னேன். அங்கே எழுதியிருப்பது ஆசிரியரின் நண்பர். நடுப்பக்கம் ஒன்றைத் திற. ஒவ்வொரு வகைக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு. துப்பறியும் கதையா, விசாரணைக் காட்சி ஒன்றைத் தேடிப் படி. கேட்கிறவனும் பதில் சொல்கிறவனும் ஒரே குரலில் பேசினால் கீழே வைத்துவிடு. அறிவியல் கதையா, இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் இருவருக்குமே தெரிந்த விஷயத்தை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்களா என்று பார். கவிதை என்றால் அங்கேயே நின்று அஞ்சு கவிதை படித்துவிடலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மொழிபெயர்ப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். முதலில் உள்பக்கம். மொழிபெயர்த்தவர் பெயர் அட்டையில் இருக்கிறதா, மூல மொழியிலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா, மூலத் தலைப்பு என்ன, முதல் பதிப்பு எப்போது? இதையெல்லாம் சொல்லாத பதிப்பகத்துக்கு அந்தப் புத்தகத்தின் மீதே மரியாதை இல்லை. அப்புறம் உரையாடல் ஒன்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ரஷ்யக் குடியானவர் அரசாணை மாதிரி பேசினால் வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதமி அரங்குகளில் கூட்டமே இருக்காது, விலையும் குறைவு. த.நா. குமாரஸ்வாமி தமிழில் தந்த தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதன'மும், சு. கிருஷ்ணமூர்த்தி தந்த அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யும் வங்கத்திலிருந்து நேராக வந்தவை. அந்த உரையாடல்களைப் படித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அபுனைவில் நம் ஆட்கள் ரொம்பக் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராகப் போகும் அந்தப் பகுதிகளைப் படித்துவிட்டு, துப்பறியும் கதை பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஏ.கே. செட்டியாரின் பயணநூல்கள், தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்', தியடோர் பாஸ்கரன் தொகுத்த மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. கடைசிப் புத்தகத்தைத்தான் அவள் எடுத்தாள், காகத்தைப் பற்றி எங்கோ நடுவில் படித்துவிட்டு. கூடவே ஒரு லயன் காமிக்ஸ், டெக்ஸ் வில்லர். அம்பையின் அந்தத் துப்பறியும் தொகுப்பு. மிச்சக் காசில் எனக்குப் பெயரே தெரியாத ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு, பக்கம் 62-இல் ஒரு மாமியார் பேசுவது அப்படியே அவள் பாட்டி மாதிரி இருந்ததாம்.

அந்த நாலாவது புத்தகம்தான் எனக்கு முக்கியம் (இங்கே அந்தச் சொல்லை நான் பொறுப்போடுதான் பயன்படுத்துகிறேன்). ஆயிரம் பிரதி அச்சடித்த காலம் போய், தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சடிக்கிற காலம் இது. முதல் தொகுப்பு போடும் ஒருவரின் புத்தகத்தை முதல் வருஷத்தில் அந்நியர் பத்துப் பேராவது எடுக்காவிட்டால் அது நண்பர்கள் வீட்டு அலமாரிகளோடு நின்றுவிடும். எந்தப் பட்டியலும் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் பட்டியல் ஏற்கெனவே பட்டியலில் இருப்பதைத்தான் திரும்பச் சொல்லும். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 1924-இல் வேலைக்குச் சேர்ந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் இருக்கிறது என்பது இரண்டாவது விதி. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதை. மூன்றாவது விதி அதைத் திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் இருக்கிறார். புத்தகத்தின் பக்கம் நின்று யோசித்திருக்கிறார் மனுஷன்.

இந்த ஜனவரிக்கு நான் இரண்டு விஷயம் தேடப்போகிறேன். ஒன்று, பின்னால் ஒழுங்கான சொல்லடைவு உள்ள, தமிழிலேயே எழுதப்பட்ட வரலாற்று நூல். இரண்டு, கடைசி ஐந்து வருஷத்தில் வந்த ஒரு தமிழ்க் குற்றக்கதை, விசாரணை அறையில் இரண்டு பேர் இரண்டு குரலில் பேசுகிற மாதிரி. தெரிந்தவர்கள் பெயர் சொல்லுங்க. பக்க எண்ணும் சேர்த்துச் சொன்னால் உத்தமம்.