கழற்ற முடிவதுதான் சிக்கல்

பல்லுக்குக் கிளிப் போடலாம் என்று முடிவெடுத்தவர் முதலில் கேட்பது, ‘வெளியே தெரியுமா?’ என்பதைத்தான். 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இன்விசலைன் முதல் இன்றைய உள்ளூர் அலைனர்கள் (பல்லின் மேல் கழற்றி மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் உறைகள்) வரை எல்லாம் விற்பது இந்தக் கேள்வியை வைத்தே. ஆனால் வெளியே தெரிகிறதா இல்லையா என்பது பல்லுக்குத் தெரியாது. லேசான அழுத்தம் விடாமல் இருந்தால், பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, விட்டுவந்த பக்கத்தில் புதிதாக வளர்கிறது. கம்பியானாலும் அலைனரானாலும் இதுதான் நடக்கிறது. வேறுபாடு அந்த ‘விடாமல்’ என்ற சொல்லில் இருக்கிறது. பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுகளுக்குள் ஓடும் நிக்கல் டைட்டானியம் கம்பி, வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும்; நாம் தூங்கினாலும் மறந்தாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். அலைனர் அப்படியல்ல. ஒவ்வொரு செட்டும் பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும், ஓரிரு வாரத்தில் அடுத்ததை மாட்ட வேண்டும். வாயில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அது வேலை செய்யும்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு நாளுக்கு 22 மணி நேரம். மிச்சம் இரண்டு மணி நேரத்துக்குள் டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு, இரண்டு காபி, பல் துலக்குவது எல்லாம் முடிய வேண்டும். அலைனரோடு சூடான காபி குடித்தால் பிளாஸ்டிக் வளையும், கறை ஏறும். சர்க்கரையும் பல்லோடு சேர்ந்து உள்ளே அடைபட்டுக் கிடக்கும். ஆகவே கழற்று, குடி, கொப்பளி, மாட்டு. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து ஐஸ்கிரீம், பீடா, அரட்டை என்று நீளும் மதியத்தில் கழற்றிய அலைனர் டப்பாவோடு சட்டைப் பையிலேயே இருந்துவிடும். கழற்றலாம் என்ற வசதி, கழற்றியே வைத்திருக்கவும் இடம் கொடுக்கிறது.

ஒழுங்காகப் போட்டாலும் எல்லாப் பல்லும் ஒன்றுபோல் கேட்பதில்லை. இன்விசலைனை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது: கணினித் திரையில் திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 சதவீதமே வாயில் நடந்திருந்தது. 2020-இல் வந்த மறு ஆய்வில் அது 50 சதவீதம். முன்னேற்றம்தான், ஆனாலும் பாதி. அதனால்தான் முதல் வரிசை அலைனர்கள் முடிந்ததும் பலருக்கு மறுபடி அளவெடுத்துக் கூடுதல் செட் தருகிறார்கள். கோரைப்பல்லைத் திருப்புவது குறிப்பாகக் கஷ்டம். உருண்டையான பாட்டிலை ஈரக்கையால் திருகுவது போல பிளாஸ்டிக் வழுக்கும். பிடிமானத்துக்காகப் பல்லின் மேல் பல் நிறத்தில் சிறு மேடுகளை ஒட்டுவார்கள். (‘கண்ணுக்கே தெரியாது’ என்ற விளம்பரத்தில் அந்த மேடுகள் வருவதில்லை.)

கம்பிக்கு எதிரான புகார்கள் நியாயமானவை. உதட்டில் புண் வரும். முறுக்கையும் கரும்பையும் மறந்துவிட வேண்டும். மீறிக் கடித்தால் பிராக்கெட் கழன்று வரும். சரியாகத் துலக்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் நிரந்தரமாகத் தங்கும். ஈறு சுத்தத்தில் அலைனருக்கே என் ஓட்டு. ஆனால் இந்தக் குறைகள் பிரஷ்ஷாலும் மெழுகாலும் சமாளிக்கக்கூடியவை; மாட்டாத அலைனருக்கு மருந்து இல்லை. அலைனருக்கு மருத்துவரை நேரில் பார்க்கவே தேவையில்லை, வீட்டிலேயே அளவெடுத்துக்கொள்ளலாம் என்ற வழியும் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படி விற்ற அமெரிக்க நிறுவனம் ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

முன்பல் இடைவெளி, லேசான நெருக்கம், நேரம் தவறாத பெரியவர் என்றால் அலைனர் வாங்கலாம். பல் பிடுங்கி இடம் உண்டாக்க வேண்டிய எத்துப்பல், நன்றாகத் திரும்பிய தெத்துப்பல், டப்பாவைப் பள்ளியில் தொலைக்கும் பிள்ளை என்றால் கம்பிதான். அலைனருக்குப் பணம் கட்டும் முன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பல் எவ்வளவு திரும்ப வேண்டும்? கூடுதல் செட்டும் இந்தத் தொகையில் அடங்குமா?