கொள்ளையர் கட்சியும் உடைமை என்னும் வினாவும்

எதிரி இகழ்ந்து வைத்த பெயரையே தன் கொடியிற் பொறித்துக்கொள்வது அரசியல் வரலாற்றிற் புதியதன்று. சுவீடனில் 2006ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி றிக் ஃபல்க்விங்கே தொடங்கிய இயக்கம் 'கடற்கொள்ளையர் கட்சி' எனத் தன்னை அழைத்துக்கொண்டது. பாட்டையும் நூலையும் இணையத்திற் பிரதிசெய்து பகிர்ந்தோருக்கு வணிக நிறுவனங்கள் சூட்டிய பெயர் அது. 2009ஆம் ஆண்டு ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் அக்கட்சி 7.1 சதவீத வாக்குகளைப் பெற்றபோது பலர் வியந்தனர். வியக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஏப்ரலிலேதான் 'பைரேற் பே' தளத்தை நடத்திய வழக்கில் நால்வருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது; சினமுற்ற இளைஞர் பெருந்தொகையாய்க் கட்சியிற் சேர்ந்தனர்.

அறிவு தனியுடைமையாகலாகாது என்ற அவர்தம் குரலை இடதுசாரிகள் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவது தவறு. ஆயின் அக்குரல் எங்கே தடுமாறியது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

பதிப்புரிமைக் காலத்தை ஐந்தாண்டாகக் குறைக்கவேண்டுமென்பது கட்சியின் கோரிக்கை. இதன் பெருங்குறையைக் காட்டியவர் எதிரியல்லர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தையான றிச்சார்ட் ஸ்ரோல்மன். மனிதர் எழுதும் மூலநிரலை மறைத்து, இயந்திரம் மட்டுமே படிக்கத்தக்க வடிவத்தை விற்பதே மென்பொருள் முதலாளிகளின் வழக்கம். கட்டற்ற மென்பொருளாளரோ பதிப்புரிமைச் சட்டத்தையே கேடயமாக்கி, 'எமது நிரலைத் திருத்தி வெளியிடுவோர் அத்திருத்தத்தையும் பகிர்தல் வேண்டும்' என விதித்தனர். ஐந்தாண்டில் உரிமை காலாவதியானால் இக்கேடயமும் வீழும். நிறுவனங்கள் பொதுநிரலைத் தம்முடையதுடன் கலந்துவிடலாம். அவற்றின் நிரலோ பதிப்புரிமை நீங்கிய பின்னரும் பெட்டகத்துள் மறைந்தே கிடக்கும். ஆதலின் மூலநிரலை முன்கூட்டியே பொதுக் காப்பில் ஒப்படைத்து, ஐந்தாண்டின் பின் வெளியிடச் சட்டம் வேண்டுமென்றார் அவர்.

இதிற் புலப்படுவது யாது? கட்சி பகிர்வைக் கண்டது. உற்பத்திச் சாதனம் எவர் கையில் உள்ளதென்பதைக் காணவில்லை. தடையை நீக்கினாற் போதும், சமத்துவம் தானே வருமெனக் கருதுவது பழைய தாராளவாதத்தின் மயக்கமே. இடதுமல்ல வலதுமல்ல என்று அவர்கள் பெருமையுடன் கூறியதும் இம்மயக்கத்தின் பாற்பட்டதே. (பாராளுமன்றத்திற் பசுமைக் கட்சியினரின் குழுவிலேதான் அமர நேர்ந்தது என்பது வேறு கதை!) எழுத்தாளனும் இசைஞனும் எதனால் வாழ்வர் என்ற கேள்விக்கும் அவர்களிடம் தெளிவான விடை இருக்கவில்லை.

2014இல் வாக்கு 2.2 சதவீதமாய்ச் சுருங்க, சுவீடியக் கட்சி தன் இரு ஆசனங்களையும் இழந்தது. அதே தேர்தலில் ஜேர்மனியக் கொள்ளையர் கட்சியிலிருந்து சென்ற ஜூலியா றெடாவோ பதிப்புரிமைச் சீர்திருத்த அறிக்கையை வரையும் பொறுப்பைப் பெற்றார்.