கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸ்: அணி மாற்றமும் எழுத்தறமும்

ஆங்கில இதழாளர் கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸ் (1949–2011) இடதுசாரி அணியிலிருந்து விலகியதை 2001 செப்டம்பர் தாக்குதலின் உடனடி விளைவாகக் கருதுவாருளர். அக்கருத்து முழுதும் பொருந்தாது என்பது நம் துணிபு. 1989இல் சல்மான் ருஷ்டிக்கு எதிராக மரண ஆணை விடுக்கப்பட்டபோதும், 1990களில் போஸ்னியப் போரின்போதும் இடதுசாரிகள் பலர் காட்டிய தயக்கம் அவரை முன்னரே அந்நியப்படுத்தியிருந்தது. 'தி நேஷன்' இதழில் இருபதாண்டுகள் எழுதிவந்த பத்தியை 2002இல் அவர் கைவிட்டது அந்நீண்ட விலகலின் நிறைவே எனலாம்.

அணி மாறுதல் இதழாளருக்கு இழுக்கன்று. புதிய அணியையும் பழைய கண்டிப்போடு நோக்குகிறாரா என்பதே நாம் கொள்ளத்தக்க உரைகல். இதில் ஹிட்சென்ஸ் பாதியே தேறுகிறார். 1991 வளைகுடாப் போரை எதிர்த்த அவர், 2003 ஈராக் போரை ஆதரித்தார். ஆயினும், நீதிமன்ற ஆணையின்றி ஒட்டுக்கேட்ட அமெரிக்க அரசுக்கு எதிராக 2006இல் தொடுக்கப்பட்ட வழக்கில் வாதிகளுள் ஒருவரானார். 2008இல் நீர்வதைக்குத் தம்மையே உட்படுத்திக்கொண்டு, அது சித்திரவதையே என எழுதினார்.

ஆனால், பேரழிவு ஆயுதங்கள் கிட்டாத பின்னரும் போர் சரியே என்னும் நிலையில் இறுதிவரை நின்றார். 2001இல் ஹென்றி கிஸ்ஸிங்கர்மீது நூலளவில் குற்றப்பத்திரிகை தீட்டிய அவர் எழுதுகோல், ஈராக் போரை நடத்தியோரிடம் அதே கடுமையுடன் கணக்குக் கேட்கவில்லை. நம் மதிப்பீட்டில் அவர்தம் குறை அணி மாறியதன்று; இதுவே.