பேக்கரின் நாயறிவு

நுவரெலியாவிற் குடியேறி, 1855இல் இலங்கையை நீங்கிய சாமுவேல் பேக்கர், துப்பாக்கியையும் வேட்டைநாயையும் பற்றி எழுதிய ஆங்கில நூலை வேட்டைப் பெருமை பேசுவதென்பர் பலர். அதன் உண்மைச் சிறப்போ நாயறிவேயாம். மோப்பத்தால் மரையைத் தேடுவது ஒரு திறன். அதனைப் பற்றி நிறுத்துவது பிறிதொன்று. இரண்டும் ஒரே நாயிடத்து அமைதல் அரிது. ஆதலின் இனங்கலந்து வளர்த்தும் குணமறிந்து ஏவியும் தம் கூட்டத்தை அமைத்தார் பேக்கர். ஸ்மட், கில்பக், புளூபியர்ட் எனப் பெயர்சுட்டி, ஒவ்வொன்றின் இயல்பையும் தனித்தனியே உரைக்கிறார். சிறுத்தையாலும் கொம்பாலும் மாண்ட நாய்களுக்காக இரங்குகிறார். ஆயினும் அவ்விரக்கம் அவர் கையைத் தடுத்ததாக நூலிற் காணோம். ஏவத் தெரிதல் திறமையே. தடுக்கத் தெரிதலன்றோ அதன் நிறைவு? அவர் வேட்டையாடிய ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. நாயை அத்துணை நுணுகி அறிந்தவர் மரையையும் அவ்வாறே நோக்கியிருப்பின், நூல் இன்னும் உயர்ந்திருக்கும்.