'இழந்த வெற்றிகள்': ஒரு தளபதியின் நூலும் அதன் மௌனமும்

போர்த் தளபதிகளின் நினைவு நூல்களை வரலாற்றுத் துறையாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே இலக்கியத் திறனாய்வாளரின் வழக்கம். அவ்வொதுக்கம் முறையன்று என்பதற்கு ஜேர்மன் பீல்ட் மார்ஷல் எரிக் வொன் மான்ஸ்டைன் எழுதிய 'இழந்த வெற்றிகள்' தக்க சான்றாகும். 1955இல் ஜேர்மன் மொழியிலும் 1958இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த இந்நூலைப் போர்க்கலை நூலெனவே பலரும் போற்றினர். ஆனால், எதனை விரித்துரைப்பது, எதனைச் சொல்லாது விடுவது என்னும் தெரிவிலேயே இதன் உயிர்நாடி தங்கியுள்ளது. அத்தெரிவை ஆராய்வது திறனாய்வாளனின் பணியேயாகும்.

மான்ஸ்டைனின் போர்த்திறனை மறுப்பார் இலர். 1940இல் ஆர்டென் காட்டினூடாகக் கவசப் படைகளைச் செலுத்திப் பிரான்சை வீழ்த்திய திட்டத்தின் மூலகர்த்தா அவரே. அத்திட்டத்துக்காக ஓயாது வாதாடியமையால் மேலிடத்தின் வெறுப்புக்கு ஆளாகி வேறொரு படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டதையும், பெப்ருவரி 17இல் ஹிட்லரை நேரிற் கண்டு தம் கருத்தை உரைத்ததையும் கூறும் பகுதி தருக்கத் தெளிவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1943இன் தொடக்கத்தில், முன்னேறி வந்த சோவியத் படைகளை நீளவிட்டு விலாப்புறத்தில் தாக்கிக் கார்கோவை மீட்டதைச் சொல்லுமிடத்தும் நடை தளரவில்லை.

தலைப்பே ஒரு வாதம். வெற்றிகள் இருந்தன, அவை இழக்கப்பட்டன. இழந்தவர் யார்? நூல் முழுவதும் விடை ஒன்றே: ஹிட்லர். அந்த ஹிட்லரால் 1944 மார்ச் இறுதியிற் பதவிநீக்கப்பட்டவர் என்பது இவ்விடைக்கு மேலும் வலுவூட்டுகிறது.

ஸ்டாலின்கிராட் பற்றிய அதிகாரம் தேர்மோபிலேயில் மாண்ட ஸ்பார்த்தருக்குரிய பண்டைய கிரேக்கக் கல்வெட்டுக் கவிதையோடு தொடங்குகிறது. 1943 ஜனவரி 30இல் கோரிங் நிகழ்த்திய உரையிலும் இதே தேர்மோபிலே உவமை இடம்பெற்றது. முற்றுகைக்குள் இருந்த வீரர் அதனைத் தம் இரங்கலுரையாகவே கேட்டிருப்பர். லியோனிடஸ் தன் வீரரோடு கணவாயிலேயே மடிந்தவன். கவிதையை எடுத்தாளும் தளபதியோ வளையத்துக்கு வெளியே நின்றவர். 1942 நவம்பர் 24இல், வான்வழி விநியோகம் கிட்டுமாயின் ஆறாம் படை உடனே உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை என்று கருத்துரைத்தவரும் அவரே. டிசம்பரில் அவர் அனுப்பிய மீட்புப்படை வளையத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவு வரை சென்று நின்றது. வெளியேறுமாறு தெளிவான கட்டளை எதனையும் அவர் பிறப்பிக்கவில்லை. நூலிற் பழி ஹிட்லர், கோரிங், பவுலுஸ் ஆகியோருக்குப் பங்கிடப்படுகிறது. கவிதை இங்கே அலங்காரமன்று; கணக்கை மூடும் முத்திரையாகவே அது பயன்படுகிறது.

கிரிமியாவைப் பற்றிய பகுதியே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 1942 ஜூனில் யால்டாவுக்கருகே மான்ஸ்டைன் சென்ற இத்தாலியப் படகைச் சோவியத் விமானங்கள் தாக்கின. பல ஆண்டுகள் அவருக்குச் சாரதியாயிருந்த நாகல் உயிரிழந்தார். அந்த இழப்பை அவர் உள்ளம் நெகிழ எழுதியுள்ளார். நம் புறத்திணை மரபிற் கையறுநிலை எனத்தக்க பகுதி அது. அவ்வாண்டு அக்டோபரிற் போர்முனையில் வீழ்ந்த மூத்த மகன் கேரோவைப் பற்றிய பகுதியும் அவ்வாறே. எழுதத் தெரியாதவரின் எழுத்தென்று எவரும் சொல்லார். துயரம் போலியென்றும் நான் கருதவில்லை.

அதே கிரிமியாவில், அவரது பதினோராம் படையின் தலைமையகத்துக்கு அண்மையிலுள்ள சிம்பெரோபோலில், 1941 டிசம்பரிற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றது ஓலெண்டோர்ப்பின் கீழிருந்த 'டி' பிரிவுக் கொலைப்படை. கிறிஸ்மசுக்கு முன்னர் இதனை முடிக்கவேண்டுமென இராணுவத் தரப்பு விரும்பியது என்பதும், வாகனங்களை அது அளித்தது என்பதும் நூரம்பேர்க்கில் வெளிவந்தன. சாரதிக்கு நெகிழ்ந்த பேனா இங்கே அசையவில்லை. 1941 நவம்பர் 20ஆம் திகதி மான்ஸ்டைன் கையொப்பமிட்ட கட்டளை, யூத-போல்ஷெவிக் அமைப்பு முற்றாக அழிக்கப்படவேண்டும் என்றது. யூதர் மீதான கடுந்தண்டனையின் அவசியத்தைப் போர்வீரர் உணரவேண்டும் என்றும் கூறியது. அதனை 1946இல் நூரம்பேர்க்கில் அவர் முன் வைத்தபோது நினைவில் இல்லை என்றார். ஒன்பது ஆண்டுகளின் பின் நினைவு நூல் எழுதியபோதும் அது நினைவுக்கு வரவில்லை போலும். அரசியல் அதிகாரிகளைச் சுடும் கட்டளையைத் தம் படைகள் நிறைவேற்றா என மேலிடத்துக்கு அறிவித்ததாக எழுதுகிறார். அப்படைகளின் அறிக்கைகளோ நிறைவேற்றியதைக் காட்டுகின்றன.

1949இல் ஹம்பேர்க்கிற் கூடிய பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் பதினேழு குற்றச்சாட்டுகளுள் ஒன்பதில் அவரைக் குற்றவாளியெனக் கண்டு பதினெட்டாண்டுச் சிறை விதித்தது. தண்டனை பன்னிரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது, 1953இல் விடுதலையானார். எதிர்த்தரப்புச் செலவுக்குச் சேர்த்த நிதிக்குச் சேர்ச்சிலும் பணம் கொடுத்தார் என்பது அக்காலத்து மேற்குலகின் மனப்போக்கைத் தெரிவிக்கும். ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை வழங்கிய லிடல் ஹார்ட் அவரை ஜேர்மன் தளபதிகளுள் முதன்மையானவராகக் கண்டார். திறமையளவில் அம்மதிப்பீடு தவறன்று. ஆனால் 'களங்கமற்ற இராணுவம்' என்ற கதை இத்தகைய நூல்களின் துணையுடனேயே நெடுங்காலம் நிலைத்தது. ஒலிவர் வொன் வ்ரோஹெம் 2006இல் வெளியிட்ட ஆய்வு மான்ஸ்டைனின் போர்க்காலத்தையும் பின்னர் அதன் நினைவு கையாளப்பட்ட முறையையும் ஒருங்கே ஆராய்ந்தது.

இந்நூலைத் தள்ளிவைக்குமாறு நான் கூறவில்லை. கிரிமிய அதிகாரத்தைப் படிப்போர் ஓலெண்டோர்ப்பின் நூரம்பேர்க் வாக்குமூலத்தையும் அருகில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே நிலப்பகுதியையும் ஒரே குளிர்காலத்தையும் பற்றியவை.