வடசிலாங்கூரில் ஓர் எழுத்துக் குழு: கதைக்கு யார் பதில் எழுதுவது?

கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு உலக இலக்கியத்தில் ஓர் இடம் 1930-லேயே கிடைத்துவிட்டது. வாங்கித் தந்தவர் ஒரு துரை. 1905-இல் மலாயாவுக்கு வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்ட ஆன்ரி ஃபோக்கோனியே, 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கியவர். அவர் பிரெஞ்சில் எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930-ஆம் ஆண்டின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர்கள் அந்த நாவலுக்குள் இருக்கிறார்கள், எழுதப்படுகிறவர்களாக. பங்களாவில் இருந்தவருக்கு எழுத நேரமும் மேசையும் இருந்தன, லயத்தில் இருந்தவருக்கு இல்லை என்பது தெரிந்த செய்திதான். அதிகம் பேசப்படாதது இன்னொன்று. ஃபோக்கோனியேயின் பால்ய நண்பர் ஜாக் ஷார்டோன் ஒரு நாவலாசிரியர். ‘மலேசி’யை வெளியிட்ட ஸ்டாக் பதிப்பகத்தை நடத்தியவரும் அவரே. எழுதியதைப் படித்து மறுமொழி சொல்ல ஒருவர் இருந்தார். வடசிலாங்கூரில் ஒரு தமிழ் எழுத்துக் குழு நிற்பதும் விழுவதும் அந்த ஒருவரைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். மண்டபம், பரிசு, நூல் வெளியீடு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

தோட்டத்தில் நான்கு பேர் கூடுவது ஒரு காலத்தில் கேட்டுப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைக் கூலிக் கணக்காக மட்டும் படித்தால் பாதி விட்டுப்போகும். பேசவும் கூடவும் சுதந்திரம், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டிய கட்டாயத்துக்கு முடிவு: இவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் ‘தமிழ் நேச’னில் பணியாற்றியவர் என்பது தற்செயல் அல்ல. வெளியாள் நுழைய முடியாத தோட்டத்துக்குள் பத்திரிகை நுழைந்தது. 1948-இல் அவசரகாலம் வந்தபின் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. பத்தாங்காலிப் படுகொலை நடந்ததும் அவ்வாண்டு டிசம்பரில், இதே வடசிலாங்கூரின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் ‘தமிழ் நேசன்’ 1950-51-இல் நடத்திய கதை வகுப்பின் பொருத்தம் புரியும். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய அந்த வகுப்புக்குக் கட்டடம் கிடையாது. பாடம் பத்திரிகையில் வந்தது, கதை அஞ்சலில் போனது, மதிப்பீடு மீண்டும் பத்திரிகையில் வந்தது. ஊரடங்கும் சோதனையும் இருந்த நாளில் மாலைக் கூட்டம் எதுவும் தொட முடியாத ஆட்களை ஒரு தபால்தலை தொட்டது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வகுப்பைத் தாண்டிப் போவதில்லை; அதில் எழுதிப் பழகியவர்களில் பலர் பிறகு பல ஆண்டுகள் எழுதினார்கள். 1952 முதல் 1957 வரை அதே பத்திரிகையில் இருந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளை அலசினார். வடிவம் வேறு, வேலை ஒன்றுதான்: எழுதியவரிடம் அவருடைய கதையைப் பற்றிப் பேசுவது.

பின்னர் வந்த பரிசுத் திட்டங்கள், குறிப்பாக ‘தமிழ் நேச’னின் பவுன் பரிசு, எழுதுகிறவர்களின் தொகையைப் பெருக்கின. 1986 முதல் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் போட்டியும் ‘பேரவைக் கதைகள்’ தொகுப்பும் பலருக்கு முதல் மேடையாயின. அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் போட்டி முடிவு என்பது தீர்ப்பு. வென்றவருக்குக் காசும் தோற்றவருக்கு மௌனமும் கிடைக்கும். ஏன் தோற்றோம் என்று புக்கிட் ரோத்தானில் இருந்து எழுதியவருக்குக் கடைசிவரை தெரியாது. மாறாகக் கெடாவைப் பாருங்கள். தலைநகரிலிருந்து வெகு தொலைவில் உள்ள சுங்கை பட்டாணியில் 1970-களின் இறுதியில் எம். ஏ. இளஞ்செல்வன், சீ. முத்துசாமி போன்றவர்கள் ‘நவீன இலக்கியச் சிந்தனை’ என்று ஒரு சிறு வட்டத்தை அமைத்தார்கள். தோட்ட வாழ்வை எழுதிய முத்துசாமிக்கு 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. இதை வட்டத்தின் சாதனை என்று எழுதிவிடக் கூடாது, எழுதியது அவர். எனினும் கூலிமில் நவீன இலக்கியக் களம் என இன்னொரு வட்டம் பிற்காலத்தில் முளைத்ததையும் சேர்த்துப் பார்த்தால், சிறு நகரத்தில் ஆள் கிடைக்காது என்ற பேச்சு நிற்காது.

எழுதக் கற்றுக்கொடுத்தால் எல்லாரும் ஒன்றுபோல எழுதுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. கதை வகுப்பின் காலத்துக் கதைகளில் பல, திடீர்த் திருப்பத்தையும் நீதி முடிவையும் நம்பியவை. எனவே ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து பதிலை நிறுத்துவதல்ல, பதில் சொல்பவரைக் கதை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது. கோலாலம்பூர் ஆசிரியர் நடையைத் திருத்துவார். பிரட்டு முடிந்து இருட்டோடு மரத்துக்குப் போகிறவர் ஏன் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்கிறார், மழை பெய்த நாளில் சம்பளம் என்ன ஆகிறது, ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது சண்டை எங்கே தொடங்கும் என்பதெல்லாம் ஈஜோக்கிலும் ஜெராமிலும் உள்ள வாசகருக்குத்தான் தெரியும். உச்சிவெயிலில் கதாநாயகி பால் மரம் வெட்டினால் அந்த வாசகர் அந்த இடத்திலேயே கதையை மூடிவிடுவார். உள்ளூர்க் குழுவின் பலம் இந்தக் காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம், எழுத யார் இருக்கிறார்கள் என்பது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் பல இடங்களில் மனை விற்பனைக்குப் போயிற்று. பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுரிமைக்காகக் காத்திருந்த காலம் ஒரு தலைமுறைக்கு நீண்டது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றிலும் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்று, இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. தோட்டத்துக்கு வெளியே தாமானில் வளரும் பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தன் கோபத்தைத் தமிழில் எழுதிப் பார்க்கக் காரணமே இல்லை. இந்த நிலவரம் குழுவின் தேவையைக் குறைக்கவில்லை, அதன் வயதைத் தீர்மானிக்கிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களே முதல் உறுப்பினர்கள். கூடுமிடம், லயம் காலியான பிறகும் திறந்திருக்கும் தமிழ்ப்பள்ளி வகுப்பறை. மலாய்ச் சொல் கலந்த வாக்கியத்தைக் கண்டதும் சிவப்பு மை எடுப்பவர் அங்கே வேண்டாம். பழமொழியும் மரபுத்தொடரும் அடுக்கித் தேர்வுக்கு எழுதிய பழக்கத்திலிருந்து அந்தப் பிள்ளை வெளியே வருவதற்கே சில மாதங்கள் பிடிக்கும்.

கைப்பேசிக் குழு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு, 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை வந்தபின் கோலாலம்பூர் என்ன தூரம் என்றும் கேட்பார்கள். கார் உள்ளவருக்குத் தூரமில்லை. கைப்பேசிக் குழுவோ அஞ்சலின் வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். ஆனால் அதில் கதைக்கு வருவது கைகூப்பிய படமும் வாழ்த்தும். மூன்றாம் பத்தியில் ஏன் சலிப்புத் தட்டியது என்று நூறு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் எழுதமாட்டார்கள், எழுதினால் பகையாகும். கறாரான விமர்சனத்தை வலியுறுத்தும் ‘வல்லினம்’ போன்ற இதழ் 2007 முதல் இருக்கிறது என்றாலும், அது எழுதத் தெரிந்தவருக்கான அடுத்த படி. ‘தமிழ் நேசன்’ 2019-இன் தொடக்கத்தில் நின்றுபோனதோடு அதற்கு முந்திய படிகளில் ஒன்றும் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது வட்டாரத்துக்கு ஒரு வாசகர்: வந்த கதையை மாதத்துக்குள் படித்து, ஒரு பக்கம் தனியாக எழுதி அனுப்புகிறவர். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், தொண்டு என்று சொல்லி அவரை இலவசமாக உழைக்க விட்டால் இரண்டாம் ஆண்டு கடிதம் நின்றுபோகும். நூல் வெளியீட்டு விழாவின் மண்டபத்துக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் தொகையில் அவருக்கு ஊதியம் கொடுக்க முடியும். அவருடைய பெயர் அழைப்பிதழில் வராது, நன்கொடை தருகிறவர்களிடம் இதைக் கேட்பது கடினமாக இருப்பது அதனால்தான்.