அடைப்புக்குறிக்குள் ஒளிந்த கடன்

நண்பர் ஒருவரின் மகள் நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக ராத்திரி பகலாக ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் எனக்கு ஒரு கட்டுரையை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இதைப் படிங்க அங்கிள், எனக்கு ஏன் இந்த பாஷை வரமாட்டேங்குதுன்னு புரியும்.’

மார்க் ட்வைன் எழுதியது. 1880ல் வந்த ‘எ ட்ராம்ப் அப்ராட்’ என்ற பயணப் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. தலைப்பே ‘பயங்கரமான ஜெர்மன் மொழி’தான். 1878ல் ஹைடல்பர்கில் தங்கி ஜெர்மன் படித்துப் பட்ட அவஸ்தையைத்தான் மனிதர் எழுதியிருக்கிறார். விதி ஒன்று, விதிவிலக்கு நூறு என்று புலம்பல். முதல் தடவை படித்தபோது பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். இரண்டாவது தடவை லேசாகச் சந்தேகம் வந்தது. மூன்றாவது தடவை, இந்த ஆள் நம்மை ஏமாற்றுகிறார் என்று தோன்றிவிட்டது.

அவருடைய பிரசித்தி பெற்ற ஜோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனில் டர்னிப் கிழங்கு பெண்பால். இளம்பெண்ணைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ பெண்பாலும் இல்லை, ஆண்பாலும் இல்லை. கிழங்குக்குக் கொடுக்கிற மரியாதை பெண்ணுக்கு இல்லையா என்று கேட்கிறார். கைதட்டத் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லின் வாலைப் பாருங்கள். ‘ஷென்’ என்பது எதையும் சின்னதாக்கிச் செல்லமாகச் சொல்கிற விகுதி. அது ஒட்டினால் எந்தச் சொல்லும் மூன்றாம் பாலுக்குப் போய்விடும். பூனைக்குட்டியானாலும் வீடானாலும் பெண்ணானாலும் ஒரே கதிதான். ஆக, ட்வைன் விதிவிலக்கு என்று காட்டுகிற சொல், ஜெர்மனிலேயே மிக ஒழுங்காக விதிக்குக் கட்டுப்பட்ட சொல்!

இன்னொரு வேடிக்கை. மனைவியைக் குறிக்கும் ‘வைப்’ என்ற ஜெர்மன் சொல்லும் மூன்றாம் பால்தான். அதையும் கிண்டலடிக்கிறார். ஆங்கிலத்தின் ‘வைஃப்’ அதே சொல்லின் உடன்பிறப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பழைய ஆங்கிலத்தில் அதுவும் மூன்றாம் பால்தான். ‘உமன்’ என்பதன் மூலச்சொல் இன்னும் மோசம், ஆண்பால்! பிற்பாடு ஆங்கிலம் அந்த முப்பால் கணக்கையே கழற்றிப் போட்டுவிட்டது. ட்வைன் சிரிப்பது தன் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் பார்த்துத்தான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. குழந்தை ‘அழுகிறது’ என்கிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தையை அஃறிணையில் தள்ளிவிட்டோமே என்று என்றைக்காவது உங்கள் மனசு உறுத்தியிருக்கிறதா?

அடுத்தது வினைச்சொல். ஜெர்மன்காரன் துணை வாக்கியங்களில் வினையைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பான். அதுவரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டுமாம். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு இது பெரிய ஜோக். நமக்கு? ‘நேற்று சாயந்திரம் மாமாவோடு போய் அந்தக் கடையில் அந்தப் புடவையை’ வரைக்கும் கேட்டாலும், வாங்கினார்களா வாங்கவில்லையா என்று தெரியாது. கடைசிச் சொல்லுக்குக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாம். ட்வைன் தலையில் அடித்துக்கொள்கிற இடத்தில் தமிழ் வாசகர், ‘சரி, அதுக்கென்ன?’ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

ஒரே வினையை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை வாக்கியக் கடைசியில் எறிகிறார்கள் என்றும் புகார். ஆங்கிலத்தில் விளக்கை அணைக்க என்ன சொல்கிறோம்? ‘டர்ன் தி லைட் ஆஃப்.’ ‘டர்ன்’ இங்கே, ‘ஆஃப்’ அங்கே. நடுவில் விளக்கு.

நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தால் முதலில் அடிக்குறிப்பைத்தான் பார்ப்பேன். பெரிய கடன்கள் அங்கேதான் பதுங்கியிருக்கும். ட்வைனின் கட்டுரையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. திறமைசாலி ஒருவர் ஆங்கிலத்தை 30 மணி நேரத்தில் கற்றுவிடலாம், பிரெஞ்சுக்கு 30 நாள், ஜெர்மனுக்கு 30 வருஷம் என்று கணக்குப் போடுகிறார். ஆங்கிலம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஓர் அடைப்புக்குறி: எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும் நீங்கலாக!

ஐயா, அதை நீக்கிவிட்டால் ஆங்கிலத்தில் கஷ்டம் என்று என்ன மிச்சம்? ‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’, ‘காஃப்’, ‘பவ்’ என்று ஐந்து விதமாகச் சொல்கிற ஐந்து வார்த்தைகளும் அதே நாலு எழுத்தில் முடிகின்றன. காக்ஸ்டன் 1476ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது. பேச்சு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பண்டிதர்கள் வேறு. கடன் என்று பொருள்படும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. லத்தீன் மூதாதையை ஞாபகப்படுத்த யாரோ உள்ளே சொருகினார்கள். என்னைப் போன்ற காமர்ஸ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ‘பி’க்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனிலோ எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வாசித்துவிடலாம்.

ட்வைன் சொன்னது எல்லாமே தப்பு என்று சொல்லவரவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன் ஆண், ஃபோர்க் பெண், கத்தி இரண்டும் இல்லை. இதற்கு எந்த விகுதியும் துணைக்கு வராது, மனப்பாடம்தான். பெயரடையின் வால் ‘டேர்’ வந்தால் ஒரு மாதிரி, ‘ஐன்’ வந்தால் ஒரு மாதிரி, ஒன்றும் வராவிட்டால் இன்னொரு மாதிரி. அங்கே அவர் அழுவது நிஜமான அழுகை. பன்மை கேட்கவே வேண்டாம்.

நண்பரின் மகளுக்கு நான் எழுதியது இதுதான்: கட்டுரை பிரமாதம், ஆனால் அதை உன் மருத்துவச் சான்றிதழாக வைத்துக்கொள்ளாதே. அவர் ஆங்கிலத்திலிருந்து கிளம்பினார், நீ தமிழிலிருந்து கிளம்புகிறாய். அவருக்குத் தடுக்கின கல் எல்லாம் உனக்குத் தடுக்காது. உன் கல் வேறு.

இன்னொன்றும் எழுதினேன். 1897ல் ட்வைன் வியன்னாவில் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில் பேசினார். பேச்சு ஜெர்மன் இலக்கணத்தின் கொடுமைகளைப் பற்றி. பேசியது ஜெர்மனில்!

1904ல் அவருடைய மனைவி ஒலிவியா இறந்துபோனார். நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில் அவரது கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லில் ஜெர்மனில் ஒரு வரி செதுக்கப்பட்டிருக்கிறது. கடவுளின் கருணை உனக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டி, என் ஆனந்தமே என்று மனைவியை அழைக்கிற வரி. ஆனந்தம் என்பதற்கு அங்கே வருகிற சொல் ‘வொன்னே’. ஜெர்மனில் அது பெண்பால். அதனால் ‘என்’ என்பதற்கு ‘மைன்’ போதாது, ‘மைனே’ என்று வால் வைக்க வேண்டும்.

வைத்திருக்கிறார்.